தட்டாத கை

வலி என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. மூன்று வருஷம் என் மேஜையில் வந்து படுத்தவள். தோள் நான்கு தடவை கழன்றவள். என்ன கேட்டாலும் ஒரே பதில்தான். "கொறச்சு டைட்டுக்கா. அவ்வளவுதான்." தோள் எலும்பு குழியை விட்டு வெளியே வந்து, சட்டைக்குள் தனியாக முட்டிக்கொண்டு நின்ற அன்றைக்கும் அது அவளுக்கு டைட்டுதான்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. பாறசாலைப் பக்கத்துப் பெண் என்பதும், ஜூடோ ஆடினாள் என்பதும், சிரித்தால் ஒரு பக்கத்துக் கன்னம் மட்டும் குழியும் என்பதும் போதும்.

நான் பிசியோதெரபிஸ்ட். கிழக்கேகோட்டைக்குள் அக்ரஹாரத்துத் தெருவில் பிறந்து, இன்னமும் அங்கேயே இருக்கிறவள். வேலை, ஒரு தனியார் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில். ஸ்டேடியம் பக்கத்திலேயே இருப்பதால் மல்யுத்தம், குத்துச்சண்டை, ஜூடோ என்று மோதுகிற கூட்டமெல்லாம் தோளைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வரும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். திட்டாமல் எனக்குக் கை ஓடாது. திட்டினால்தான் பிள்ளைகள் வாயைத் திறந்து எங்கே வலிக்கிறது என்று ஒழுங்காகச் சொல்லுகிறார்கள். இவள் ஒருத்தியிடம்தான் அது செல்லுபடியாகவில்லை.

முதல் தடவை வந்தபோது வலது கையைச் சுடிதார் ஷாலால் நெஞ்சோடு கட்டியிருந்தாள். முந்தின நாள் பயிற்சியில் இரண்டாம் முறையாகக் கழன்று, ஆஸ்பத்திரியில் எலும்பைப் பிடித்துக் குழிக்குள் போட்டிருந்தார்கள். அந்தக் கையோடு பாறசாலையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். "யாராவது எழுந்து எடம் கொடுத்திருப்பாளேடி, கேக்கப்படாதோ?" என்றேன். "கேட்டா என்ன ஆச்சுன்னு விசாரிப்பாவ அக்கா. அதுக்கு நிக்கலாம்" என்றாள்.

ஸ்டேடியத்திலிருந்து அவளுடைய கோச்சும் வந்திருந்தார். மலையாளி. எங்களோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவர். அவர்தான் எனக்கு அந்த விளையாட்டின் சட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார். எதிராளி கையைப் பூட்டிவிட்டாலோ கழுத்தை இறுக்கிவிட்டாலோ, மேட்டில், அதாவது கீழே விரித்திருக்கும் மெத்தையில், இரண்டு தட்டுத் தட்டினால் போதும். உடனே விட்டுவிட வேண்டும். தட்டியவள் தோற்றாள், பிடித்தவள் ஜெயித்தாள். அதில் மானக்கேடு ஒன்றுமில்லை, பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் தட்டுவார்கள்.

"நல்ல சட்டமாச்சே" என்று நான் அதையே என் அறைக்கும் சட்டமாக்கிவிட்டேன். கையை நீட்டி வளைக்கும்போது தாங்க முடியாவிட்டால் மேஜையில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். அந்த நொடியே நிறுத்திவிடுவேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது பிடித்துப்போயிற்று. தொண்ணூறு கிலோ எடையுள்ள ஒரு மல்யுத்தக்காரன் நான் தொடுவதற்கு முன்னாலேயே தட்ட ஆரம்பித்துவிடுவான்.

"ஈ குட்டி மட்டும் தட்டில்ல மேடம், கேட்டோ" என்று கோச் அன்றைக்கே சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார். நானும் அதைப் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

அவள் தோள் ஏன் கழன்றது என்பதே அவள் யார் என்பதைச் சொல்லிவிடும். ஜூடோவில் தூக்கிப் போடப்பட்டு முதுகு முழுசாக மேட்டில் பட்டால் அதோடு ஆட்டம் முடிந்தது. அதனால் விழக் கற்றுக்கொடுப்பதுதான் முதல் பாடம். உடம்பைச் சுருட்டி, கையைத் தரையில் அறைந்து, அடிபடாமல் விழ வேண்டும். தோற்கிறோம் என்று ஒப்புக்கொண்டு விழுகிறவனுக்கு ஒன்றும் ஆகாது. இவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். காற்றில் இருக்கும்போதே உடம்பைத் திருப்பி, முதுகு படாமலிருக்கக் கையை நேராக ஊன்றுவாள். முழு உடம்பும் அந்த ஒற்றைக் கையில் இறங்கும். தோள் எத்தனை நாள் தாங்கும்?

"விழறதுன்னா விழுந்து தொலையேண்டி" என்பேன்.

"விழுந்தா தோத்துருவேன்லாக்கா" என்பாள், எனக்கு அது தெரியாது என்பது போல.

ஒருநாள் அவள் தோளில் ஹாட் பேக் வைத்துவிட்டு, வார்டிலிருந்து கூப்பிட்டார்கள் என்று மாடிக்குப் போனேன். ஹாட் பேக்கைச் சுற்றிய துவாலை நழுவிவிட்டிருக்கிறது. திரும்பி வர இருபது நிமிஷம் ஆகிவிட்டது. எடுத்துப் பார்த்தால் தோல் கன்றிச் சிவந்து, ஓரத்தில் கொப்புளம். அவள் கண்ணை மூடிக்கொண்டு சமர்த்தாகக் கிடந்தாள். பயம் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"வாயில என்னடி கொழுக்கட்டையா? சுடறதுன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

"நீங்க வச்சிட்டுப் போனதுல்லா. கணக்காட்டுதான் இருக்கும்னு நெனச்சேன்."

"சுடலையா நோக்கு?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "டைட்டு நல்லா கொறஞ்சிருக்கு."

சிரித்துவிட்டேன். அந்தக் கொப்புளம் எனக்குச் சொன்ன விஷயத்தை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் என்ன செய்தாலும் இந்தப் பெண் என்னை நிறுத்த மாட்டாள் என்பதே அது.

மற்றபடி கலகலப்பான பெண்தான். பயிற்சி முடிந்து வரும்போது கையில் எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கும். ஏத்தங்காய் உப்பேரியோ பழம்பொரியோ, எனக்குப் பாதி. பக்கத்து மேஜையில் அழுகிற பள்ளிக்கூடப் பையன்களுக்கு ரப்பர் பட்டையை இழுத்துக் காட்டி, "இதாக்கும் இதுக்க சூத்திரம்" என்று விளக்குவாள். முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவில் துவாலையைச் சுருட்டி வைத்துக்கொண்டு, கையை வெளிப்பக்கம் இழுக்கும் பயிற்சியைப் பதினைந்து தடவை செய்யச் சொன்னால் முப்பது செய்வாள். எல்லாரும் குறைத்துச் செய்துவிட்டுக் கூட்டிச் சொல்லுவார்கள். இவள் கூட்டிச் செய்துவிட்டுக் குறைத்துச் சொல்லுவாள்.

மூன்றாம் தடவை கழன்ற பிறகு எலும்பு டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு என்னையும் அவளையும் உட்காரவைத்துப் பேசினார். தோள் குழியின் முன்விளிம்பில் இருக்கும் தசைநார் வளையம் கிழிந்து தொங்குகிறது, எலும்பும் ஓரத்தில் தேய ஆரம்பித்துவிட்டது. ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும், அதன்பிறகு ஆறு மாதமாவது மேட்டில் ஏறக் கூடாது என்றார்.

மாநில அணிக்கான செலக்‌ஷன் போட்டிக்கு இருந்தது நான்கு மாதம். அதில் தேறினால் போலீஸில் விளையாட்டுக்காரர்களுக்கான இடத்துக்கு விண்ணப்பிக்கலாம். அடுத்த வருஷம் என்றால் வயசு தாண்டிவிடும். அவளுக்கு அதுதான் கடைசி வாசல். காக்கிச் சட்டை என்றால் அவளுக்குக் கொள்ளை ஆசை. சின்ன வயதில் அப்பா போனபிறகு அம்மாவும் இவளும் மட்டும்தான். வீட்டுக்கு ஒரு போலீஸ்காரி இருந்தால் ஒருத்தரும் வாலாட்ட மாட்டார்கள் என்பாள்.

"நாலு மாசம் நிறுத்திக் குடுங்கக்கா. பொறவு டாக்டர் சொன்ன மாதிரி வெட்டிக்கலாம்."

நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கும் அவள் ஜெயிக்க வேண்டும் என்றிருந்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தத் தோளை நான்கு மாதம் ஒரு கை பார்த்தோம். தோள்பட்டை இறுகியது, பலம் கூடியது. ஆனால் போட்டிக்குப் போக டாக்டர் கையெழுத்து வேண்டும். நான் சோதித்து எழுதினால்தான் அவர் கையெழுத்துப் போடுவார்.

எங்களிடம் ஒரு சோதனை உண்டு. ஆளை மல்லாக்கப் படுக்கவைத்து, கையைப் பக்கவாட்டில் தூக்கி, முழங்கையை மடக்கி, பந்து எறியப் போகிறவன் கை மாதிரி மெதுவாகப் பின்னால் சாய்க்க வேண்டும். தோள் தளர்ந்திருந்தால் இதோ கழன்றுவிடும் என்று ஆளுக்குத் தோன்றும். அந்தச் சோதனையில் நாங்கள் தேடுவது வலியை அல்ல, பயத்தை. புருவம் சுருங்கும், உதடு இறுகும், இன்னொரு கை தானாக எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடிக்கும். அந்தப் பயத்தை யாராலும் மறைக்க முடியாது என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மாதா மாதம் அந்தச் சோதனையைச் செய்தேன். முதல் மாதம் அவள் புருவம் சுருங்கியது. இரண்டாம் மாதம் லேசாக. மூன்றாம் மாதம் கண் இமை மட்டும் துடித்தது. போட்டிக்கு முந்தின வாரம் ஒன்றுமே இல்லை. மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு, கன்னக் குழியோடு, "நாளைக்கு மழை பெய்யுமாக்கா?" என்று கேட்டாள்.

என் இடது உள்ளங்கை அவள் தோளின் முன்பக்கம் இருந்தது. அங்கே ஒரு தசை ஒரு நொடி கல்லாகி, பிறகு தளர்ந்தது. என் கைக்கு அது தெரிந்தது. நான் முகத்தை நம்பினேன். பயமில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

போட்டியன்று லீவு போட்டுவிட்டு ஸ்டேடியத்தில் போய் உட்கார்ந்தேன். முதல் இரண்டு ஆட்டத்தையும் மூன்று நிமிஷத்துக்குள் முடித்தாள். மூன்றாவதில் எதிராளி நல்ல உயரம். இவளை இடுப்பில் ஏற்றிச் சுழற்றியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. விழு, விழுந்துவிடு என்று மனசுக்குள் கத்தினேன். இவள் காற்றில் திரும்பினாள். கையை ஊன்றினாள்.

கழன்றது. கேலரியிலிருந்து பார்த்தாலே தெரிந்தது, சட்டையின் தோள் சரிந்துவிட்டது. எதிராளிக்கு அது தெரியாது, பாவம். அந்தப் பெண் ஆட்டத்தைத்தான் ஆடினாள். கிடைத்த அதே கையை இரண்டு காலுக்கு நடுவில் பிடித்துப் பூட்டிப் பின்னால் சாய்ந்தாள். நடுவருக்கும் தெரியவில்லை. முகத்தைப் பார்த்துத்தானே அவருக்கும் தெரிய வேண்டும்? அந்த முகத்தில் ஒன்றும் இல்லை.

"தட்டுடி! தட்டித் தொலைடி!" என்று நான் கத்தினேன். அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இடது கை சும்மா மேட்டில் கிடந்தது. கோச் சட்டத்தை எல்லாம் காற்றில் விட்டுவிட்டு மேட்டுக்குள் ஓடினார். அதன் பிறகுதான் நிறுத்தினார்கள். எத்தனை நொடி என்று எனக்குத் தெரியாது. அந்த நொடிகளில்தான் தோளைச் சுற்றிப் போகிற நரம்பு இழுபட்டுப்போயிற்று.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அம்மாவை முதல் தடவையாகப் பார்த்தேன். ஒல்லியான மனுஷி, கையில் ஒரு பைபிளும் மாற்றுத் துணிப் பையும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரம்மா, நான் செரியாட்டு தள்ளல்லியோ? அதாக்குமா இப்பிடி ஆச்சு?"

எனக்குப் புரியவில்லை. எதைத் தள்ளினீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க சொல்லிக் குடுத்த எக்ஸசைஸ்தான். தெவசமும் சாயங்காலம் கண்ணாடிக்க முன்ன நின்னுக்கிட்டு, கைய இப்பிடித் தூக்கி, பொறத்தால தள்ளும்மான்னு சொல்லுவா. நான் தள்ளிக் குடுப்பேன். அவ கண்ணாடியில மொகத்தத்தான் பாத்துக்கிட்டு நிப்பா. மொகம் சுளிச்சா, இன்னொருக்காம்மா, இன்னொருக்காம்பா. மொதல்ல எல்லாம் கண்ணுலேருந்து தண்ணியா வரும். பொறவு நின்னுபோச்சு. டாக்டரம்மா சொன்னதுன்னுதான் நானும் மனச கல்லாக்கிட்டுத் தள்ளினேன்."

நான் மாதா மாதம் செய்த சோதனைதான் அது. எல்லாப் பயிற்சியையும் போல இதையும் நாள் தவறாமல் செய்திருக்கிறாள். தோளைச் சரிப்படுத்த நான் நான்கு மாதம் உழைத்தேன், முகத்தைச் சரிப்படுத்த அவள் நான்கு மாதம் உழைத்திருக்கிறாள். இரண்டு பேரில் அவள்தான் நல்ல மாணவி.

"இல்லம்மா" என்றேன். "நீங்க சரியாத்தான் தள்ளினேள்."



தோளைக் குழிக்குள் போட்டாகிவிட்டது. கை எழவில்லை. தோளின் மேல் தொப்பி போட்டது போலிருக்கும் பெரிய தசை அப்படியே சோர்ந்து, வாரா வாரம் வற்றியது. தோளின் வெளிப்புறத்தில், போலீஸ்காரர்கள் சட்டையில் பட்டை தைத்துக்கொள்ளும் இடத்தில், ஓர் உள்ளங்கை அளவுக்கு உணர்ச்சியே இல்லை. எங்கள் படிப்பிலும் அந்த இடத்தைப் பட்டை தைக்கிற இடம் என்றுதான் சொல்லுவோம். பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு ஆயிரம் தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

நரம்பு தானாகவே துளிர்த்து வரலாம், மூன்று மாதம் பார்ப்போம் என்றார் டாக்டர். துளிர்ப்பதற்கு அடையாளம் தெரிந்தால் காத்திருக்கலாம். இல்லாவிட்டால் தாமதிக்காமல் நரம்பைத் தைக்கும் ஆபரேஷன் செய்ய வேண்டும், நாள் போகப் போகத் தசை செத்துவிடும்.

வாரம் இரண்டு நாள் வந்தாள். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, அந்த உள்ளங்கை அளவு இடத்தில் பஞ்சால் தொடுவேன். தெரிந்தால் இடது கையால் மேஜையில் தட்ட வேண்டும். அதே பழைய சட்டம்தான். பத்துப் பதினொரு வாரம் அவள் தட்டவேயில்லை. "தட்டத் தெரியாதவளாச்சே நீ" என்று நான் கேலி பேசிப் பார்த்தேன். குரல் எனக்கே நன்றாயில்லை.

மூன்றாம் மாதக் கடைசியில் ஒருநாள் தொட்டேன். தட்டினாள்.

இன்னொரு இடத்தில் தொட்டேன். தட்டினாள். நான் அழுதுவிட்டேன். ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன், கோச்சுக்குப் போன் செய்தேன், வீட்டுக்குப் போகும் வழியில் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கோயில் வாசல் வரை நடந்துபோய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன். உணர்ச்சி திரும்புகிறது என்று நான் எழுதியதைப் பார்த்துவிட்டு டாக்டர், சரி, இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்.

அந்த மாதம் முழுக்க அவள் தட்டினாள். தசை மட்டும் அசையவில்லை.

ஆபரேஷன் பிறகு நடந்தது. இப்போது அவள் கை தோள் மட்டம் வரை எழும், அதற்கு மேல் இல்லை. தலை வார இடது கைதான். களியிக்காவிளைப் பக்கம் ஒரு துணிக்கடையில் மேற்பார்வை பார்க்கிறாள் என்று கோச் சொன்னார். மேல் தட்டில் இருக்கும் துணியை வேறு பெண்கள்தான் எடுத்துக் கொடுப்பார்களாம். அந்த ஒரு மாதத்தை வீணாக்காமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் எழுந்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். நல்ல மனுஷர், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அந்த மாதத்தின் கடைசி நாளை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். மேஜையில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். வெளியே மழை. பஞ்சைக் கையில் எடுத்தேன். தசை அசையாதது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் எப்போதோ செய்திருக்க வேண்டிய காரியத்தை அன்றைக்குத்தான் செய்தேன். பஞ்சை அவள் தோளுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் நிறுத்திக்கொண்டு, தொடாமல் நின்றேன்.

அவள் தட்டினாள்.

கையை எடுத்துவிட்டு, மறுபடியும் கொண்டுபோய் அதே உயரத்தில் நிறுத்தினேன். தட்டினாள்.

"நான் தொடவேயில்லையேடி" என்றேன்.

கண்ணைத் திறக்கவில்லை. கன்னக் குழி மட்டும் வந்து போயிற்று.

"எப்பிடித் தெரியும் நோக்கு, எப்போ தட்டணும்னு?"

"தொடுததுக்கு முன்ன நீங்க மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்கக்கா. அது கேக்கும்."

"ஏண்டி இப்பிடிப் பண்ணினே? ஒரு மாசம் போச்சேடி. எதுக்குடி?"

அவள் இடது கை மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது.

"தட்டினா எதிர்ல இருக்கவங்க ஜெயிச்சாங்கன்னுல்லா அர்த்தம்" என்றாள். "வந்த நாள்லேருந்து நீங்க தோத்துக்கிட்டே இருக்கீங்க. ஒருக்கா ஜெயிக்கட்டும்னு நெனச்சேன்க்கா."

நான் ஃபைலை எடுத்து, ஒரு மாதமாக எழுதியிருந்ததை எல்லாம் அடித்துவிட்டு, கீழே உணர்ச்சி இல்லை என்று எழுதினேன். எழுதி முடிக்கும் வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை.